கதவு எந்தப் பக்கம்

போன கிழமை அத்தியாயத்தை முடிக்கும்போது, கமறியா வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, நாளைக்குக் கடைக்குப் போவோம் என்று சொன்னதாக எழுதியிருந்தேன். சொன்னது அவள்தானா, இல்லை ரம்ஸியாவே முந்திக்கொண்டு கூப்பிட்டாளா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. கேட்டதை மனம் தன் வசதிக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது. யார் கூப்பிட்டிருந்தாலும், மறுநாள் காலை மூன்று பெண்கள் தில்லையடியிலிருந்து புத்தளம் டவுனுக்கு ஒரே திரீவீலில் போனார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நடுவில் ஷிஹாரா. அவளுக்கும் கல்பிட்டி றிஸ்மினுக்கும் கலியாணப் பதிவான காவின் எழுதி முடிந்துவிட்டது. றிஸ்மின் கத்தாரில் வேலை செய்கிறான். நோன்புப் பெருநாளைக்கு வருகிறான். வந்ததும் கலியாணம், கலியாணம் முடிந்ததும் பெண் வீட்டில் குடியிருப்பு. இந்தப் பக்கத்து வழக்கம் அது. வருகிறவனுக்கு அறை ஆயத்தமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று: அறையோடு சேர்ந்த பாத்ரூம்.

ஒரு பக்கம் கமறியா, றிஸ்மினின் ராத்தா, மூத்தவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பிக்கு எல்லாம் அவள்தான். மற்றப் பக்கம் ரம்ஸியா, ஷிஹாராவின் உம்மா. வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவள் முன் கம்பியைப் பிடித்த பிடியை இறுக்கினாள்.

ரம்ஸியாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு தொடங்கியது. முதலில் ஒரு கால், பிறகு மற்றது. மடக்கினால் நிமிர்த்துவது பெரும் பாடு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கக்கூசில் குந்தி எழும்புவதற்காகக் கூரைத் தடியில் ஒரு நைலோன் கயிறு கட்டி வைத்திருந்தாள். உடுப்புத் தொங்கப் போடத்தான் என்று நினைத்துக்கொண்டார் புருஷன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்து தொழுதாள். பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். புருஷனின் உப்பளத்து வேலையில் ஒரு பாத்ரூம் கட்டுவதே பெரிய காரியம். உம்மாவும் பாவிக்கிற மாதிரி அதன் கதவை ஹோல் பக்கம், கூடத்துக்குள் திறக்க வை என்பாள் ஷிஹாரா. அப்போது அறையோடு சேர்ந்தது என்று கொடுத்த வாக்குப் போய்விடும். வாக்குப் பிசகி ஷிஹாராவுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் குழம்பிய வீடு அது. இரண்டாவதும் குழம்பினால் மூன்றாவது வராது.

கதவு அறைப் பக்கம் என்றால் ரம்ஸியாவுக்கு அந்த பாத்ரூம் இல்லை. மருமகன் படுக்கும் அறைக்குள் மாமி கால் வைக்க மாட்டாள். அவனோடு நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டாள். காவின் எழுதி இத்தனை நாளாகியும் றிஸ்மினின் குரலை அவள் காதோடு கேட்டதில்லை. ஷிஹாரா போன் கதைக்கும்போது எழும்பி அடுக்களைக்குப் போய்விடுவாள்.

ஆக, தான் ஒருநாளும் ஏறி இருக்கப் போகாத, கதிரை போன்ற ஒரு கொமட்டைத் தெரிவு செய்யத்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மேசன் கதவுக்குச் சுவர் வெட்டுவதாக ஏற்பாடு. வெட்டிவிட்டால் கதை முடிந்தது. சீக்கிரம் முடிந்தால் நல்லது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் வண்டியில் ஒரு நிமிஷம்கூட நிம்மதியாக இருக்க முடியவில்லை.

கடையில் சாமான்கள் எல்லாம் மேல் மாடியில். படிகளைப் பார்த்ததும் ரம்ஸியா பின்தங்கி நின்றாள். நீங்கள் முன்னுக்குப் போங்கள், நான் கீழே பேசின் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு, யாரும் பார்க்காத நேரம் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது கமறியா பாதிக் கடையைத் தெரிவு செய்து முடித்திருந்தாள்.

வெள்ளைச் சுவர், கறுப்புத் தரை. குளிக்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. தலைக்கு மேல் அகலமான ஷவர், அதற்குச் சுடுதண்ணீர். பைப்பெல்லாம் முகம் பார்க்கிற பளபளப்பு. தம்பி வெளிநாட்டில் பெரிய பெரிய ஹோட்டல்களில் வேலை செய்கிறவன், அவன் கண்ணுக்கு இதுதான் நிற்கும் என்றாள்.

கடைக்கார ஹஸன் தண்ணீர் எந்த ஊர்க் கிணறு என்று விசாரித்தார். தில்லையடி என்றதும் பளபளப்புப் பைப்பைத் திரும்பக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தார். உவர்த் தண்ணீருக்கு இது வருஷம் தாங்காது, புள்ளி புள்ளியாகப் போகும், மங்கின நிறத்தில் எடுங்கள் என்றார். கமறியாவுக்கு மங்கின நிறம் பிடிக்கவில்லை. கல்பிட்டியில் தன் வீட்டுப் பைப் இன்னும் மின்னுகிறதாம்.

ஷிஹாரா கண்ணாடித் தடுப்பில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள். "பைப் மட்டுமா? இந்தக் கண்ணாடியிலயும் உப்புப் படியும் மதினி. இதத் துடைக்கிறதுக்கு எண்டே இன்னொரு மருமகள் எடுக்க வேணும்."

"அதுக்குத்தானே ஒன்ன எடுத்த," என்றாள் கமறியா.

எல்லோரும் சிரித்தார்கள். ஷிஹாராவும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

பிறகு கொமட். சுவர் ஓரமாக வரிசையாக வைத்திருந்தார்கள். நிறம் பற்றிக் கதைத்தார்கள், மூடி பற்றிக் கதைத்தார்கள், தொழும் திசையான கிப்லாவுக்கு முகமும் முதுகும் வராமல் எந்தச் சுவரோடு பொருத்துவது என்று மேசன் ஏற்கெனவே குறித்து வைத்திருப்பதைச் சொன்னார்கள். உயரம்தான் யாருக்கும் விளங்கவில்லை. ஒன்று தாழ்வு, ஒன்று உயரம்.

"கதிரை வாங்கக்குள்ள இருந்து பாக்கிறம். இதுக்கு மட்டும் என்ன வெக்கம்? மூடி போட்டுத்தானே இரிக்கு, இருந்து பாருங்க," என்றார் ஹஸன்.

கமறியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். ஷிஹாரா ஓடு அடுக்கியிருந்த பக்கம் நகர்ந்தாள். ஹஸனும் மரியாதைக்காகக் கீழே எட்டிப் பார்த்து யாரையோ கூப்பிட்டார்.

ரம்ஸியா அபாயாவை ஒதுக்கிக்கொண்டு உயரமானதில் இருந்தாள்.

கால்கள் நிலத்தில் பதிந்தன. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எழும்பிப் பார்த்தாள். எழும்ப முடிந்தது. எதையும் பிடிக்காமல், பல்லைக் கடிக்காமல், ஒரு மனுஷி கதிரையிலிருந்து எழும்புவது போல எழும்ப முடிந்தது. நம்பாமல் திரும்பவும் இருந்தாள்.

அப்படியே இருந்துவிட்டாள். கைப்பை மடியில். மேலே காற்றாடி சுற்றியது. கீழே கொழும்புக்குப் போகிற பஸ்ஸோ எதுவோ ஹோர்ன் அடித்தது. இத்தனை மாதமாக உடம்பில் எங்கெங்கோ பிடித்து வைத்திருந்த ஒன்று தானாக இளகியது. மாடிக்கு ஏறி வந்த ஓர் ஆள், கடை நடுவில் ஒரு பெண் கொமட்டில் இருந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பதைக் கண்டு, வந்த படியால் திரும்பி இறங்கிப் போனான்.

"மாமிக்குப் பிடிச்சுப் போச்சு. எழும்ப மனமில்ல," என்றாள் கமறியா.

ரம்ஸியா பதறி எழுந்து சிரித்தாள். ஷிஹாரா சிரிக்கவில்லை. அவள் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமறியா காட்டியதையெல்லாம் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது மூன்று பேரும் அதிகம் கதைக்கவில்லை. கமறியா மட்டும் வழியில் புதிதாகக் கட்டிய வீடுகளைக் காட்டிக்கொண்டு வந்தாள். வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறி, சண்டை முடிந்த பிறகு மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள், கிடுகுக் கூரையை இறக்கி ஓடு போட்டிருந்தார்கள். மாடிகூட எழும்பியிருந்தது. ஷிஹாரா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் கேட்கவில்லை என்பது ரம்ஸியாவுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஷிஹாரா நேரே பின்பக்கம் போனாள். கக்கூஸ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்துத்தான் மூடும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மேசனிடம் போய் இரண்டு வார்த்தை சொன்னாள். மேசன் சுவரில் அறைப் பக்கம் இழுத்திருந்த கரிக்கோட்டைக் கையால் அழித்துவிட்டு, ஹோல் பக்கம் புதிதாக இழுத்தார்.

ரம்ஸியா அதைக் கண்டாள். மகளைக் கையில் பிடித்து அடுக்களைக்குள் இழுத்தாள். ஹோலில் கமறியா பிளேன் டீயும் பிஸ்கட்டுமாக இருந்ததால் இருவரும் குரல் எழும்பாமல்தான் சண்டை பிடித்தார்கள்.

"ஆரைக் கேட்டு மாத்தின?"

"எத்தின நாளா உம்மா அந்தக் கயித்துல தொங்குறீங்க?"

ரம்ஸியா அடுப்பைப் பார்த்தாள். ஷிஹாரா விடவில்லை.

"வாப்பாக்குத் தெரியுமா? இல்ல. எனக்கு? இல்ல. கடைக்காரனுக்குக் காட்டுறீங்க."

"நான் ஆருக்கும் காட்டல்ல. சும்மா இருந்து பாத்த."

"சும்மாவா? என்ட உம்மாட முகம் எனக்குத் தெரியாதா?"

ரம்ஸியா கெஞ்சினாள். கலியாணம் முடியட்டும், பிறகு எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம், இப்போது வாயைத் திறக்காதே என்றாள். ஷிஹாரா மாட்டேன் என்றாள். கதவு ஹோல் பக்கம்தான், விருப்பமில்லாதவர்கள் வர வேண்டாம் என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் ரம்ஸியா மகளின் வாயைக் கையால் பொத்தினாள்.

அஸர் பாங்கு சொல்லி முடிந்த கையோடு மேசன் முதல் அடியை அடித்தார்.

கமறியா கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்தாள். விழுந்திருக்கும் காரையையும் கோட்டையும் பார்த்தாள். பிழையான பக்கம் அடிக்கிறீர்கள் என்று மேசனுக்குச் சொன்னாள். மேசன் ஷிஹாராவைப் பார்த்தார். ஷிஹாரா தரையைப் பார்த்தாள்.

அந்த நேரம்தான் ரம்ஸியாவின் புருஷன் ஹயாத்து முகம்மது வந்து சேர்ந்தார். உப்பளத்து வெயிலில் உதடு வெடித்து, கால் வெளுத்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தவருக்கு ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று விதமாக விளக்கம் சொன்னார்கள். அவர் சண்டை விரும்பாத மனுஷன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு வைத்தால் என்ன என்றார். மேசன், அப்படியென்றால் பேசினைக் கூரையில்தான் பூட்ட வேண்டும் என்றார்.

கமறியா தம்பிக்குப் போன் எடுத்தாள். ஒளிவு மறைவு வேண்டாம், எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். ரம்ஸியா வழக்கம்போல அடுக்களைக்கு நகர்ந்தாள். ஆனால் கதவு நிலையோடு நின்றுவிட்டாள்.

றிஸ்மினின் குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது. ராத்தா சொன்னதை முழுவதும் கேட்டான். பின்னால் லொறி ஒன்று ரிவேர்ஸ் எடுக்கும் சத்தம், யாரோ ஹிந்தியில் கூப்பிடும் சத்தம்.

"ராத்தா, எங்கட றூம்ல எட்டுப் பேர்," என்றான். "எட்டுப் பேருக்கும் ஒரு பாத்ரூம். வந்த நாள் தொடக்கம் வாளியத் தூக்கிட்டு வரிசையில நிக்கிறன். உள்ளுக்குப் போனா வெளியால தட்டுவானுகள். எனக்கு நகை வேணாம், மோட்டார் சைக்கிள் வேணாம் எண்டு சொன்ன. நான் கேட்டது என்ட அறைக்குள்ள துறக்கிற ஒரு கதவு. அதையும் ஏன் மாத்துறாங்க?"

ஷிஹாரா வாயைத் திறந்தாள். திறந்தவள் உம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். சொல்வதற்கு அது அவளுடைய விஷயமில்லை. காரணம் சொல்லாமல் கதவை மாற்றவும் முடியாது. அவள் கண் நிறைந்தது.

ரம்ஸியா நிலையில் நின்று யோசித்தாள். அவன் கேட்டதில் பிழையில்லை. மகள் செய்ததிலும் பிழையில்லை. நடுவில் பிழையாக நிற்பது தன் வாய்தான்.

அவள் வந்து கமறியாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். கமறியா திகைத்துக் கொடுத்துவிட்டாள். சத்தத்தைக் குறைக்கும் இடம் ரம்ஸியாவுக்குத் தெரியாது. மேசனும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"மகன், நான் ஷிஹாராட உம்மா."

அந்தப் பக்கம் அவன் ஸலாம் சொன்னான். குரல் தடுமாறியது. அவள் பதில் ஸலாம் சொன்னாள். பிறகு முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள், அவன் எதிரில் நிற்பது போல.

"எனக்குக் குந்த ஏலாது, மகன்."

ஹயாத்து முகம்மது தலையில் கட்டியிருந்த லேஞ்சித் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எந்தக் கால், மாமி?" என்றான் றிஸ்மின்.

"ரெண்டும்."

லொறி நின்றுவிட்டிருந்தது.

"அதாலதான் புள்ள கதவ மாத்தப் பாத்தா. அவவில பிழையில்ல, என்னிலதான். கதவு ஒங்கட அறைக்குள்ளேயே துறக்கட்டும். அந்தக் கண்ணாடியும் சுடுதண்ணியும்தான் எங்களால ஏலாது. அதுக்குப் பதிலா பின்னுக்கு இரிக்கிற பழையத மாத்தி ஒரு கொமட் வெச்சுக்கிறன்."

"வையுங்க மாமி," என்றான். பிறகு, "கதவ நான் விட மாட்டன். கோவிக்காதீங்க," என்றான்.

"நல்லம் மகன். விடாதீங்க."

ராத்தாவிடம் கொடுக்கச் சொன்னான். கமறியா இந்த முறை சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். சரி, சரி என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஒங்கட ஒங்கட பாட்டுல கதைச்சு முடிச்சிட்டீங்க," என்றாள். "காலையில தொடக்கம் நான் என்னத்துக்குக் கடை கடையா நிண்ட?"

ரம்ஸியா மன்னிப்புக் கேட்டாள். கமறியா அதை எடுத்ததாகத் தெரியவில்லை. கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்து, அதனால் இன்னும் கூர்மையாகச் சொன்னாள்.

"காவினுக்கு முந்தியே இந்த வருத்தம் இருந்திரிக்கு. ஒரு வார்த்த சொல்லல்ல. நாளைக்கு நீங்க படுத்தா, ஷிஹாரா ஒங்களப் பாக்கிறதா, என்ட தம்பியப் பாக்கிறதா? அவன் தூரத்துல இருந்து ஓம் எண்டுவான். குடும்பத்துல பெரியாக்கள் இரிக்காங்க. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வருவாங்க. அவங்களுக்கும் இதே மாதிரி ஒங்கட வாயாலயே சொல்லுங்க."

ரம்ஸியா தலையாட்டினாள். மறைத்தது உண்மை.

கமறியா போன பிறகு ஹயாத்து முகம்மது மனைவியைக் கேள்வி கேட்பார் என்று ஷிஹாரா பயந்தாள். அவர் கேட்கவில்லை. மேசனின் அலவாங்குக் கடப்பாறையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கக்கூசுக்குள்ளிருந்து கல் உடையும் சத்தம் கேட்டது. ஓய்வில்லாமல், கோபமாக, ஆனால் அந்தக் கோபம் யார் மீது என்று சொல்ல முடியாதபடி கேட்டது. ரம்ஸியா காலை இழுத்து இழுத்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, குந்தியிருக்கும் பழைய தட்டு துண்டு துண்டாகக் கிடந்தது. அவர் வேர்த்து வடிய நின்றார்.

"ஷிஹாராட வாப்பா," என்றாள் அவள். "புதுசு இன்னும் வரல்லையே. அது வரைக்கும் நாங்க மூணு பேரும் எங்க போற?"

அவர் அலவாங்கைப் பார்த்தார், உடைந்த துண்டுகளைப் பார்த்தார். அது அவர் யோசிக்காத விஷயம்.

அன்றைய நாள் இப்படித்தான் முடிந்தது. கமறியா பின்னேர பஸ்ஸில் கல்பிட்டிக்குப் போனாள். தேத்தண்ணீர் பாதி மிச்சம் இருந்தது. மேசன் ஹோல் பக்கம் பெயர்த்த இடத்தைச் சீமெந்தால் பூசிவிட்டு, அறைப் பக்கம் கதவுக்கு வழி வெட்டி முடித்தார். ஷிஹாரா கடைக்குப் போன் எடுத்து, கண்ணாடி வேண்டாம், சுடுதண்ணீர் வேண்டாம், உயரமான கொமட் இரண்டு என்று சொன்னாள். வெள்ளிக்கிழமைக்கு முந்தி அனுப்ப முடியாது என்றார் ஹஸன். றிஸ்மினிடமிருந்து அதன் பிறகு அழைப்பு வரவில்லை. ஹயாத்து முகம்மது இருட்டும் வரை கல்லும் மண்ணும் அள்ளினார்.

பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன் ரம்ஸியா பக்கத்து வீட்டு அலீமாவின் கதவைத் தட்டி, அவர்களுடைய பாத்ரூமைப் பாவிக்கலாமா என்று கேட்டாள். அதற்கென்ன, ஆனால் ஏன் என்று கேட்டாள் அலீமா. ரம்ஸியா தன் முழங்காலைப் பற்றிச் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருக்கவில்லை. மூன்றாம் தரம் வெள்ளிக்கிழமை, கல்பிட்டியிலிருந்து வரும் ஆம்பிளைகள் ஹோல் நிறைய இருந்து கேட்கும்போது சொல்ல வேண்டும்.